வாசகர் கேள்வி – பதில்: ஜாமீன் கையெழுத்து யாருடையது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: எதை அடைந்தால் வெற்றி, அதற்காக வீடு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

அம்மா, எனக்கு 29 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஆறு ஆண்டுகளாக டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு மட்டுமே படித்து வருகிறேன். குரூப் 4 தேர்வில் இரண்டு முறை சில மதிப்பெண்களில் வாய்ப்பு நழுவியது. அப்பா நூற்பாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். ‘இன்னும் ஒரு தடவை எழுது’ என்கிறார் அம்மா. விடாமுயற்சி வெற்றி தரும் என்று எல்லாரும் சொல்வதை நம்புவதா, விட்டுவிடுவதா?
வாசகர், திண்டுக்கல்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள் கணிதம் படித்தவர், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2024-இல் 6,244 இடங்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன என்றாலும், அறிவிப்பு வெளியான நாளின் நிலவரப்படி இரண்டு முறையும் முந்நூறு பேருக்கு ஓர் இடம் என்ற அளவில்தான் போட்டி இருந்தது. 200 வினாக்களுக்கு 300 மதிப்பெண் என்னும் அமைப்பில் ஒரு வினா தவறினால் ஒன்றரை மதிப்பெண் போய்விடும். அந்த ஒன்றரை மதிப்பெண் இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே, சில மதிப்பெண்களில் நழுவியதை வைத்து அடுத்த முறை கிடைத்துவிடும் என்று கொள்ள முடியாது; உங்களுக்குத் திறமை போதாது என்றும் கொள்ள முடியாது.

விடாமுயற்சியைப் புகழ்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மேடையேறி அதைச் சொல்லும் வாய்ப்பு வென்றவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. ஏழாவது முறையும் எழுதித் தவறவிட்டு, இப்போது ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரை எந்தப் பயிற்சி மையமும் சிறப்பு விருந்தினராக அழைப்பதில்லை. அவர் படித்த படிப்பு மற்றவர் படித்ததைவிட ஒரு பக்கமும் குறைந்ததில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். மத்தியக் குடிமைப் பணித் தேர்வை பொதுப் பிரிவினர் ஆறு முறையும் பிற்படுத்தப்பட்டோர் ஒன்பது முறையும்தான் எழுத முடியும். வங்கி எழுத்தர் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 28 வயதிலும் பிற்படுத்தப்பட்டோருக்கு 31 வயதிலும் கதவு சாத்தப்படுகிறது. டி.என்.பி.எஸ்.சி.யிலோ இடஒதுக்கீட்டுப் பிரிவுகளைச் சேர்ந்த பட்டதாரிகளுக்குப் பல பணிகளில் உச்ச வயது வரம்பே கிடையாது. சமூக நீதியின் நோக்கில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் ‘போதும்’ என்று சொல்லும் வேலையைத் தேர்வாணையம் செய்யாது, அதை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

நான் பல ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள். எவ்வளவு சிறிய கடனானாலும் மனுவில் மூன்று இடங்கள் நிரப்பப்படாமல் மேசையை விட்டு நகராது: தொகை, திருப்பிச் செலுத்தும் காலம், ஜாமீன்தாரரின் கையெழுத்து. ஆறு ஆண்டுகளாக நீங்கள் வாங்கிக்கொண்டிருப்பதும் கடன்தான். உங்கள் தந்தையின் ஓய்வுத்தொகையும் தங்கையின் திருமணத் தேதியும் அதற்கு ஜாமீனாக நிற்கின்றன. அவர்களிடம் கையெழுத்து மட்டும் யாரும் வாங்கவில்லை. அம்மா ‘இன்னும் ஒரு தடவை’ என்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். தங்கை என்ன சொல்கிறார் என்று எழுதவில்லை. கேட்டிருக்கிறீர்களா?

கேளுங்கள். வீட்டில் நால்வரும் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு செலவாகிறது, எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வயது வரம்பு ஓடிக்கொண்டிருக்கும் வங்கி, ரயில்வே தேர்வுகளை முதலில் எழுதுங்கள். கணிதமும் திறனறிவும் உங்களுக்குப் புதிதன்று. அடுத்த மாதமே ஏதேனும் ஒரு வேலையில், அது பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான டியூஷனாக இருந்தாலும் சரி, சேர்ந்துவிடுங்கள். முழு நேரமும் படித்தால்தான் வெல்ல முடியும் என்பது பாதிதான் உண்மை. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவுடன் காலையில் இடம் பிடிப்பவர்களோடு, மாலையில் வேலை முடிந்து கழுத்தில் அடையாள அட்டையுடன் வந்து உட்கார்பவர்களையும் அங்கே பார்க்கலாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் டைரியில் இலக்குகளை எழுதுகிறேன். பிப்ரவரி தாண்டுவதில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, குரோம்பேட்டை

டைரிக்குப் பதிலாக வீட்டிலிருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். அதுவும், நீங்கள் அதைச் செய்தால் யாருக்கு வேலை கூடுமோ அவரிடம். காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சி என்று முடிவு செய்தால், அந்த நேரத்தில் பால் காய்ச்சப் போவது யார் என்பதும் அந்த இலக்கின் பகுதி. பெரும்பாலான ஜனவரித் தீர்மானங்கள் மன உறுதி இல்லாமல் சாவதில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்த ஒரு காலைப்பொழுதில் சாகின்றன.

நான் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வயது 36, இரண்டு பிள்ளைகள். கணவர் என் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர் அல்லர். ‘தாராளமாக வேலைக்குப் போ, வீட்டில் குறை வராமல் பார்த்துக்கொள்’ என்பார். சென்ற மாதம் மேலாளர் பதவி தருவதாக நிறுவனத்தில் சொன்னார்கள். யோசித்துவிட்டு நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போகிறார்கள். எனக்கு லட்சியமே இல்லையோ என்று தோன்றுகிறது.
வாசகி, திருப்பூர்

லட்சியம் இல்லாதவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உறுத்தியது கணவரின் அந்த ஒரு வாக்கியந்தான். அதன் முதல் பாதி அனுமதி. இரண்டாம் பாதி, அந்த அனுமதிக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கட்டணம். அவர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பதவி உயர்வு பெற்றபோது அவரிடம் யாரேனும் ‘வீட்டில் குறை வராமல்’ என்று சொல்லியிருப்பார்களா?

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களையும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்த சராசரி அது. கைவைக்காதவர்களையும் சேர்த்தால் எண் இன்னும் இறங்கும்.

அந்த 299 நிமிடங்களிலும் அடங்காத ஒரு வேலை இருக்கிறது. இட்லி மாவு இன்றைக்கு இரவு வரை வருமா, நாளை அரைக்க அரிசி ஊறப்போட வேண்டுமா, சிலிண்டர் பதிவு செய்தாயிற்றா, நல்ல தண்ணீர் வருவது நாளையா மறுநாளா, பெரியவனின் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினானா, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எத்தனை அட்டை மீதி இருக்கிறது என்று, பையருக்கு (துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு) சேம்பிள் அனுப்பும் அவசரத்தின் நடுவிலும் உங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தக் கணக்கு. கணவர் கடைக்குப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியலை அலுவலகத்திலிருந்து வாட்ஸாப்பில் அனுப்புவது நீங்கள்தானே?

ஆகையால் வேலையைப் பிரிக்கும்போது உடல் உழைப்பை மட்டும் பிரிக்காதீர்கள். மளிகை என்றால் மளிகை முழுவதும் அவருடையது: என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்ப்பது, நினைவில் வைப்பது, வாங்குவது, டப்பாவில் கொட்டி வைப்பது எல்லாமே. முதல் மாதம் துவரம் பருப்பு இரண்டு முறை வரும், பெருங்காயம் வரவே வராது. வாய் திறக்காமல் இருங்கள். அதுதான் மிகவும் கடினமான பகுதி என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எல்லாரும் சாதனையாளராக அறிவோம். புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், சட்டமன்றத்துக்குச் சென்றார், அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்படக் காரணமாக இருந்தார். இவற்றுக்கெல்லாம் முந்திய செயல் ஒன்று உண்டு. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதித்தபோதே, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை முன்வைத்து, அதற்கு அவருடைய ஒப்புதலைப் பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டதை நீங்கள் இப்போது கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மேலாளர் பதவியைப் பொறுத்தவரை, நிறுவனத்திடம் மறுபடி பேசுங்கள். ஐரோப்பிய பையர்களின் வேலை நேரம் நமக்குப் பிற்பகலில் தொடங்கி இரவு வரை நீளும் என்பதால், மாலை அழைப்புகள் வாரத்தில் எத்தனை நாள், அவற்றை வீட்டிலிருந்து பேசலாமா என்று தெளிவாகக் கேளுங்கள். அவ்வளவும் கேட்டபின் பதவி வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், அது உங்கள் விருப்பம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இப்போது மறுத்தது அப்படிப்பட்ட மறுப்பாக எனக்குத் தெரியவில்லை.

மகள் பிளஸ் டூவில் 600-க்கு 512 பெற்றிருக்கிறாள். எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தொலைபேசியில் கேட்கும் உறவினர்கள் எல்லாரும் ‘ஐந்நூற்று எழுபதாவது எதிர்பார்த்தோமே’ என்கிறார்கள். மகள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை.
வாசகர், நாமக்கல்

மதிப்பெண்ணுக்குப் பேர்போன பள்ளிகள் நிறைந்த உங்கள் ஊரில் இந்தக் கேள்வி கூடுதல் வலியோடு வரும் என்பது புரிகிறது. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை மாநில, மாவட்ட அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் முதல் மூன்று பேரின் வாயில் பெற்றோர் இனிப்பு ஊட்டும் புகைப்படம் செய்தித்தாள்களிலிருந்து அதோடு மறைந்தது. அரசு கைவிட்ட வேலையைச் சித்தப்பாக்களும் அத்தைகளும் எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் உறவினர்களிடம் கேட்கத் தக்க கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த 600 என்ற கூட்டுத்தொகையை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்? பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் நூறும், இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றும் ஐம்பதுமாகக் கணக்கிட்ட 200-தான் கட்-ஆஃப். மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் மதிப்பெண். மொத்த மதிப்பெண்ணை இன்றைக்கும் விடாமல் பயன்படுத்துபவர்கள் உறவினர்கள் மட்டுமே.

அவர்களிடம் பேசுவதை ஒரு வாரத்துக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மகளிடம் கொடுக்காதீர்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்ற பேச்சை மகளோடு இப்போதே தொடங்குங்கள். ‘எங்களுக்கு மகிழ்ச்சிதான்’ என்று எனக்கு எழுதியதை அவளிடம் சொல்லிவிட்டீர்கள் அல்லவா?

ஒன்பது வயது மகன் மாவட்ட அளவிலான சதுரங்கப் போட்டியில் வென்றிருக்கிறான். பயிற்சியாளர் அவனுக்குப் பெரிய எதிர்காலம் இருக்கிறது என்கிறார். போட்டிகளுக்கு அழைத்துச் செல்ல என் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். மனைவி ஆசிரியை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறாள். குகேஷின் தந்தை செய்ததைத்தானே நானும் செய்ய நினைக்கிறேன்?
வாசகர், சேலம்

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக வாகையர் ஆனபின் இதே கேள்வியைப் பல தந்தையர் கேட்டிருப்பார்கள். அவருடைய தந்தை காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு நாடு நாடாகச் சென்றார் என்பதும், நுண்ணுயிரியல் துறையில் பணிபுரியும் தாயின் வருமானத்தில் வீடு நடந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் நிறுத்தியது, வேண்டும்போது திரும்பி வந்து கதவைத் திறந்தால் நோயாளிகள் வரக்கூடிய ஒரு தொழிலை. உங்கள் வேலை அப்படித் திரும்பக் கிடைக்குமா என்று நீங்கள் எழுதவில்லை. மகனும் பன்னிரண்டரை வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். பந்தயம் பலிக்கிறதா என்பது அவர்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த ஷியாம்நிகில் 2024 மே மாதத்தில் இந்தியாவின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். இப்பட்டத்துக்கு 2500 தரப்புள்ளிகளும் மூன்று ‘நார்ம்’களும் வேண்டும். நார்ம் என்பது வலுவான எதிராளிகளுக்கு, அதிலும் அயல்நாட்டினருக்கு எதிராக, ஒரு போட்டித் தொடர் முழுதும் உயர்ந்த அளவில் ஆடிக்காட்டுவது; நம் பிள்ளைகள் அடிக்கடி ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறுவது இதற்காகத்தான், செலவு எகிறுவதும் இதனால்தான். ஷியாம்நிகில் 2012-லேயே 2500 புள்ளிகளையும் இரண்டு நார்ம்களையும் எட்டிவிட்டார். மூன்றாவது நார்ம் துபாயில் கிடைத்தபோது அவருக்கு வயது 31. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அவர் தோற்றவரா? என் கணக்கில் இல்லை. அவரும் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர்தான். உங்கள் மகனுக்கு அவருடைய திறமையே இருந்தாலும் காலம் அவ்வளவு நீளலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் இருக்க உங்களால் முடியுமா?

மாவட்ட வெற்றி மகிழ வேண்டிய செய்தி. வேலையை விட வேண்டிய செய்தியன்று. பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரோடும் பெரும்பாலான பயணங்களில் தாயார் நாகலட்சுமி சென்றார். தந்தை வங்கி வேலையில் இருந்தார். எத்தனை வயதில் எத்தனை தரப்புள்ளி வந்தால் அடுத்த படி என்று பயிற்சியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவரே கட்டணம் பெறுபவர் என்பதால், வேறொரு பயிற்சியாளரிடமும் கேளுங்கள். அதுவரை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் நடக்கும் போட்டிகளே போதும்.

உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் மகளைப் பற்றி அந்த ஒரு வரிதான் இருக்கிறது. வார இறுதி முழுதும் தம்பியின் போட்டிக் கூடத்து வராந்தாவில் ஓர் எட்டாம் வகுப்புப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்றால், அவளும் இந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கணவர் துபாய் சென்று பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கடன் அடைந்ததும் வருவேன் என்றார். பிறகு வீடு கட்டியதும் என்றார். வீடு கட்டியாயிற்று. இப்போது மாடி எடுத்து வாடகைக்கு விட்டதும் என்கிறார். மகனின் பிராக்ரஸ் கார்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கையெழுத்துதான். ஊரில் எங்களை ‘நல்லா வந்துட்டாங்க’ என்கிறார்கள்.
வாசகி, இராமநாதபுரம்

ஊர் சொல்வது வீட்டைப் பார்த்து. உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருத்தத்தைக் காட்டாமல் தினமும் காணொளியில் சிரிக்கிற மனிதராக இருக்கலாம். திரும்பி வந்தால் இங்கே என்ன செய்வது என்ற அச்சமும், மாடி என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கலாம். அதனால் ‘எப்போது வருவீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘வந்தால் என்ன செய்யலாம்’ என்று கேட்டுப் பாருங்கள்.

எண்களோடு பேசுங்கள். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, பணி முடிந்து வரும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். பதினொரு ஆண்டுகளும் ஒரே நிறுவனத்தில் இருந்தார் என்றால் ஏறக்குறைய ஒன்பதரை மாத அடிப்படைச் சம்பளம் சேர்ந்திருக்கும். அந்தத் தொகை, கையிருப்பு, மாடி கட்ட ஆகும் செலவு, அதிலிருந்து வரும் வாடகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். மாடிக்குப் போடும் பணத்தை வாடகையாகத் திரும்ப எடுக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று பார்த்தால், நம் சிற்றூர்களில் பெரும்பாலும் மகன் கல்லூரியை முடித்திருப்பான். அந்தத் தாளைப் பார்த்தபின்னும் இருக்கத்தான் வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தால் இருக்கட்டும். ஆனால் மாதமும் ஆண்டும் குறித்த தேதி ஒன்று அதில் இருக்க வேண்டும். மாடிக்குப் பிறகு சுற்றுச்சுவர் என்ற ஒன்று எப்போதும் இருக்கும்.

பெரிதாகப் புகழ் பெறாத ஒருவரை வெற்றியாளர் என்று சொல்லச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?
வாசகர், கும்பகோணம்

உங்கள் ஊர்க் கணித மேதையின் மனைவி ஜானகி அம்மாளை. 1909-இல் பத்து வயதில் இராமானுஜனுக்கு மணம் முடிக்கப்பட்டவர். கணவர் 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1919-இல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரலில் மறைந்தார். கடைசி ஓராண்டு அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அப்போது இருபத்தொரு வயது. பிறகு பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றார்; சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் சொந்தக் காலில் நின்றார். தோழி ஒருவர் இறந்தபோது அவருடைய மகனைத் தம் பிள்ளையாக வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை வாழ்ந்தார்.

இராமானுஜனின் வாழ்க்கையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தையும் 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனதையும் சொல்கிறோம், சொல்ல வேண்டியவைதாம். ஆனால் அந்த மேதைமைக்கான விலையில் ஒரு பங்கை, பல ஆண்டுகள், தையல் இயந்திரத்தை மிதித்துக் கட்டியவர் இவர். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொல்லிவிட்டு யாரும் வைக்கவில்லை என்று அவர் ஒரு நேர்காணலில் வருந்தியதைப் படித்த அயல்நாட்டுக் கணிதவியலாளர்கள், தங்களுக்குள் பணம் திரட்டி 1980-களில் மார்பளவுச் சிலையைச் செய்து கொடுத்தார்கள். அப்போதும் அவர் தமக்கென்று எதையும் கேட்கவில்லை.

மின்வாரியத்தில் ஒயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். வயது 62. கஜா புயலின்போது வேதாரண்யத்தில் ஒரு மாதம் வேலை பார்த்ததைத் தவிர, சொல்லிக்கொள்ளும்படி வாழ்க்கையில் எதுவும் சாதிக்கவில்லை. பிள்ளைகள் வெளியூரில். காலையில் மனைவி ஐந்து மணிக்கு எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார். எனக்குத்தான் பொழுது போகவில்லை. இந்த வயதுக்கு ஏற்ற ஓர் இலக்கு சொல்லுங்கள்.
வாசகர், தூத்துக்குடி

‘அதைத் தவிர’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை விழுந்து வழி மறித்த ஊர்களில், வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து சென்று நட்டவர்கள் பிற மாவட்டங்களிலிருந்து வந்த உங்களைப் போன்றவர்கள். பள்ளிக்கூடத்தில் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, ஒவ்வொரு தெருவாக விளக்கெரிய வைத்தீர்கள். அந்தத் தெருவில் அன்றிரவு மின்விசிறி சுற்றியதைப் பார்த்தவர்களிடம் சாதனை பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இலக்குக்கு வருவோம், அதை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஓய்வு வந்துவிட்டது, உங்கள் மனைவிக்கு வரவில்லை. நீங்கள் கம்பம் ஏறிய முப்பத்து சொச்சம் ஆண்டுகளும், புயல் மழை என்றால் நள்ளிரவிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் விழித்திருந்திருப்பார். சமையல் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கறிக்குழம்பு வைத்துப் பாராட்டு வாங்கும் சமையலைச் சொல்லவில்லை; காலை டிபனும் மதியச் சாப்பாடும் முழுப் பொறுப்பாக, வாரத்தில் மூன்று நாள். பிறகு பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி. மும்முனை மின்சாரத்தைக் கையாண்டவருக்கு ரசம் ஒன்றும் அபாயமானதன்று. ஆறு மாதத்தில் ஊறுகாய் போடும் அளவுக்கு வந்துவிடலாம்.

முதல் மாதம் எப்படிப் போயிற்று என்று எனக்குக் கடிதம் வர வேண்டும். உங்கள் கையெழுத்தில் வேண்டாம். அம்மையாரை எழுதச் சொல்லுங்கள். குழம்பில் உப்பு எப்படி இருந்தது என்பதில் நான் உங்கள் வாக்குமூலத்தை ஏற்பதாக இல்லை.